கறுப்புத் துவக்கைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான்

அந்தத் துவக்குகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலயைத் தாண்டி, மகாவலி ஆறு வளைந்து போகும் ஓரிடத்தில் இருந்த சிறிய ஹோட்டல் ஒன்றில் நான் அலுவலகப் பொறுப்பில் இருந்தேன். சமாதானப் பேச்சு நடந்த வருடங்கள் அவை. வீதித் தடைகளை எடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கொழும்புக் கம்பனிகள் தங்கள் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி வந்து, இரண்டு நாள் விளையாட விட்டுக் கூட்டிப் போயின. எங்கள் முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சிங்களவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு யோசனை வந்தால் அதை அன்றைக்கே செய்துவிட வேண்டும். அவருக்கு வந்த யோசனை பெயின்ட்போல். இரண்டு பக்கமாகப் பிரிந்து, வர்ணம் நிரப்பிய சிறு உருண்டைகளால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவது. இத்தனை வருடம் நிஜமாகவே சுட்டுக்கொண்ட நாட்டில் இதற்கும் காசு கொடுத்து ஆள் வருமா என்று கேட்டேன். வரும் என்றார். அவர் சொன்னபடியே பிறகு வந்தார்கள்.

விலைப்பட்டியல் புத்தகம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று மஞ்சளும் நீலமுமாக, பார்த்தவுடனே விளையாட்டுச் சாமான் என்று தெரிகிற வகை. உருண்டைகளைக் கொட்டும் கிண்ணம் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும், கோப்பி அரைக்கிற மெஷினுக்குப் பிடி வைத்தது போல. மற்றது இராணுவ வகை. முழுக் கறுப்பு. தோளில் வைக்கும் கட்டை, குறி பார்க்கும் குழல், கீழே செருகும் மகசின், எல்லாம் அச்சு அசல். பத்தடி தள்ளி வைத்தால் எந்தக் கொம்பனாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. புத்தகத்தில் இவற்றுக்கு மார்க்கர் என்று பெயர். எங்களில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை, நிஜத் துப்பாக்கியைச் சொல்வதுபோலத் துவக்கு என்றுதான் சொன்னோம்.

விளையாட்டைப் பழக்குவதற்கு முதலாளி ஒருவரை வைத்திருந்தார். கலகெதரப் பக்கத்துச் சிங்களவர். இராணுவத்தில் சார்ஜன்டாக இருந்து, வடக்கில் காலில் காயப்பட்டு, ஓய்வு பெற்றவர். நாங்களும் அவரைச் சாஜன் என்றே கூப்பிட்டோம். புத்தகத்தை அவரிடம் காட்டினேன். ஒரு தடவை புரட்டிவிட்டு மஞ்சளில் விரலை வைத்தார்.

“மிஸ், இது நல்லம்,” என்றார், வடக்கில் பொறுக்கிய தமிழில். “விளையாட்டு, விளையாட்டு மாதிரி இருக்க வேணும்.”

எனக்கு அது பிடிக்கவில்லை. “மஞ்சள் துவக்கைப் பிடிச்சுக்கிட்டு எந்த மனேஜர் போட்டோவுக்கு நிப்பார் சாஜன்?” என்று கேட்டேன். முதலாளி சிரித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். கறுப்பில் பன்னிரண்டு எழுதினேன். அதோடு நிற்கவில்லை, இராணுவ நிறத்தில் மேலுடுப்புகளும் எழுதினேன். அனுமதி கேட்டு எழுத வேண்டிய கடிதங்களையும் நானே எழுதினேன். அனுமதி கிடைத்த அன்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

பாவித்துப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. மகசினில் இருபது உருண்டைக்கு மேல் கொள்ளாது. மஞ்சளின் அசிங்கமான கிண்ணத்தில் அதைப்போலப் பல மடங்கு கொட்டலாம். எங்கள் ஆற்றங்கரை ஈரத்துக்கு உருண்டைகள் ஊதி, குழலுக்குள்ளேயே உடைந்தன. ஒவ்வொரு தடவையும் சாஜன் கயிற்றில் கட்டிய துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைப்பார். என்னை ஒரு பார்வை பார்ப்பார், குறை சொல்லமாட்டார். காஸ் சிலிண்டரைத் திருகி மாட்டவும், சுடாத நேரத்தில் விசையைப் பூட்டி வைக்கவும் பழக்கினார். என்ன நடந்தாலும் முகமூடியைக் கழற்றக்கூடாது என்று தினமும் சொன்னார். நானும் பலாமரத்தைக் குறிவைத்து ஆறு தடவை சுட்டேன், நான்கு பட்டது. உண்மையைச் சொன்னால், கையில் அதன் பாரம் எனக்குப் பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து துவக்கின் மற்ற முனையிலேயே நின்றவளுக்கு இந்த முனை பிடிக்காமல் போகுமா?

என் கணவர் அதே ஹோட்டலில் வேன் சாரதி. கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புப் பத்திரம் என்று இரண்டு வருடம் அலைந்து அடையாள அட்டை எடுத்தவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் அதை வேறு சட்டைப் பையில் மறந்துவிட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வழிச் சோதனையில் இறக்கி, ஒன்பது நாள் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது, தண்ணி குடுத்தாங்க என்பது மட்டும்தான். அதன்பிறகு அட்டை அவர் நெஞ்சை விட்டுப் பிரிந்ததில்லை. தடைகளை எடுத்த பிறகும், பக்கத்துக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அது கூடவே போகும்.

“பொண்டாட்டிய மறந்தாலும் மறப்பீங்க, அத மறக்க மாட்டீங்க,” என்று கேலி செய்வேன்.

“பொண்டாட்டி இல்லேன்னு எவனும் உள்ள போடமாட்டான்,” என்பார்.

முதல் கூட்டம் வருவதற்கு முந்தின வாரம், ஊழியர்களை வைத்தே ஓர் ஒத்திகை விளையாட்டு. ஓர் ஆள் குறைந்தது. கணவர் வேன் கழுவிக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிட்டேன்.

“எனக்கு வேணாம்மா. வேற யாரையாச்சும் பாரு.”

நான் விடவில்லை. “விளையாட்டுக்குப் போயி இப்பிடிப் பயப்படுறீங்களே,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டு வந்தார். பையில் ஒன்றும் வைத்திருக்கக்கூடாது என்பது விதி. மணிக்கூடு, சாவி, பணப்பை, எல்லாவற்றையும் மேசையில் வைத்தார். அட்டையை மட்டும் மேலுடுப்பின் பைக்குள் நழுவ விட்டதைக் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன்.

நானும் முதலாளியும் சமையலறைப் பெண்களும், பார்ப்பவர்களுக்கென்று கட்டிய மேடையில் நின்று பார்த்தோம். கணவர் மரக்குற்றிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த சாஜன், காலை இழுத்தபடி மூங்கில்களைச் சுற்றிச் சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் வந்தார். கிட்ட நின்று சுடக்கூடாது, நில் என்று சொன்னாலே எதிராளி அவுட். சாஜன் கறுப்புத் துவக்கை உயர்த்திச் சிங்களத்தில் நில் என்றார்.

என் கணவர் திரும்பினார். கையிலிருந்ததைக் கீழே போட்டார். இரண்டு கையையும் தூக்கினார். பிறகு வலது கையை மட்டும் மெதுவாக இறக்கி, பைக்குள் இரண்டு விரலை விட்டு, அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

முதலில் சிரித்தது நான். பிறகு மேடை முழுவதும் சிரித்தது.

சாஜன் சிரிக்கவில்லை. துவக்கைத் தரைப் பக்கம் தாழ்த்திவிட்டு அட்டையை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், முகமூடி போட்ட முகத்தை நிமிர்ந்து பார்த்தார். திருப்பிக் கொடுத்து, “ஹரி, யன்ன,” என்றார். சரி, போங்கள் என்று அர்த்தம். இரண்டு பேருமே அதை வேடிக்கைக்குச் செய்யவில்லை என்பது மேடையிலிருந்த எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் சாஜனின் பக்கத்து ஆள் ஒருவர், இன்னும் ஓர் எதிரி நிற்கிறான் என்று நினைத்துத் தூரத்திலிருந்து சுட்டார். உருண்டை என் கணவரின் விரல்களிலும் அட்டையிலும் பட்டு உடைந்தது. மஞ்சள் வர்ணம்.

தண்ணீரில் போய்விடும் என்றுதான் புத்தகத்தில் எழுதியிருந்தது. துணியிலும் கையிலும் போனது. ஆனால் வருடக்கணக்காக வியர்வையில் கிடந்த அட்டையின் பிளாஸ்டிக் உறை ஏற்கனவே ஒரு மூலையில் பிரிந்திருந்தது. அடி பட்டதில் இன்னும் பிளந்து, வர்ணம் உள்ளே இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் குசினியில் வைத்து ஈரத்துணியால் ஒற்றினேன். மஞ்சள் வந்தது. கூடவே படத்தில் அவருடைய மூக்கும் வாயும் வந்தன, கடைசி இரண்டு இலக்கங்களும் வந்தன.

“போதும்மா, இனித் தொடாத,” என்றார், கதிரையில் இருந்தபடியே. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பேச்சுவார்த்தை குழம்பத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். எடுத்த சோதனைச்சாவடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. விருந்தாளிகளை ஏற்றி இறக்க வாரத்தில் மூன்று நாளாவது அவர் விமான நிலையம் வரை ஓட்ட வேண்டும். வேலையை விடவும் முடியாது, முகமில்லாத அட்டையோடு ஒரு தமிழன் அந்தப் பாதையில் போகவும் முடியாது. புதிய அட்டைக்கு கிராம சேவகரிடமும் பொலிஸிலும் அலைந்தோம். எப்படிப் பழுதானது என்று பொலிஸில் கேட்டார்கள். துவக்கால் சுட்டதில் என்று எப்படிச் சொல்வது? மழையில் நனைந்தது என்றேன். சில மாதமாகும் என்றார்கள். ஹோட்டல் கடிதத்தாளில் மூன்று மொழியிலும் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துப் பார்த்தார்.

“இத வாசிக்க முன்னாடியே எறக்கிருவாங்க. இந்தத் தடவ ஒம்பது நாளோட விடமாட்டாங்கம்மா.”

திங்கட்கிழமை காலையில் வேன் புறப்படத் தயாராக நின்றது. நான் கடவுள்களைக் கூப்பிட்டுக்கொண்டு கேட்டருகே நின்றேன். சாஜன் நொண்டி நொண்டி வந்து, முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். தன்னுடைய ஓய்வுபெற்ற இராணுவ அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். “போவோம்,” என்றார்.

அன்று தொடங்கி நாலு மாதம், ஒரு பயணம் தவறாமல் போனார், தன் லீவு நாட்களிலும் கூட. ஒவ்வொரு சாவடியிலும் கண்ணாடியை இறக்கி முதலில் பேசியது அவர்தான். இரண்டு பேரும் வழியில் அதிகம் பேசுவதில்லை என்றும், வரக்காப்பொலயில் தேத்தண்ணிக்கு மட்டும் நிற்பார்கள் என்றும் கணவர் சொன்னார். ஒரு நாள் சாஜன் குழல் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மிஸ், நான் கார்ட் பார்த்தது. பார்த்துத்தான் போ சொன்னது. போ சொன்ன ஆளுக்கு வெடி பட்டது. அது என்ட பிழை.”

“சுட்டது நீங்க இல்லையே சாஜன். கறுப்புத்தான் வேணும்னு நின்னது நான்.”

அவர் துணியைக் குழலிலிருந்து முழுவதாக இழுத்து எடுத்தார். “அதுவும் சரி,” என்றார்.

புதிய அட்டை வந்தபோது வெள்ளைக்காரர்கள் வருவது நின்றிருந்தது. கறுப்புத் துவக்குகளை முதலாளி பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார். வீதியில் போகிறவர்கள் கண்ணில் பட்டால் வம்பு என்று அவருக்கும் புரிந்திருந்தது. அன்று காலையும் சாஜன் வழக்கம்போல வேனடிக்கு வந்தார். என் கணவர் இறங்கி, சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டு, புதிய அட்டையை எடுத்து நீட்டினார். சாஜன் நிமிர்ந்து நின்று வாங்கினார். முன்பக்கம், பின்பக்கம், பிறகு முகம்.

“ஹரி, யன்ன.”

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். சாஜனும் சிரித்தார். இரண்டு பேரும் வேனைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.