காராமணி வேகாத பன்னிரண்டு நாள்

1. முதல் நாள்

மதாம் வாயில் விரலை விட்டு ஒரு காராமணியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதை எடுத்தபோது அதில் லேசாக ரத்தம் இருந்தது. நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அதுதான் எனக்கு முதல் நாள்.

மதாமுக்கு அப்போது வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. ஆடிக்கொண்டிருந்ததையெல்லாம் டாக்டர் எடுத்துவிட்டார். ஈறு ஆறி பல்செட் வர ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் சூப்தான் சாப்பாடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு, கறி மீன் வாடை வந்தாலே அவருக்குக் குமட்டியது. அதனால் வெறும் காய், பருப்பு, பயறு போட்ட சூப். அதை வைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

நான் கனகசெட்டிக்குளத்துக்காரி. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். முப்பது வருஷம் கூடை தூக்கிப் புதுச்சேரி டவுனில் மீன் விற்றேன். முட்டி தேய்ந்துபோய்க் கூடையை இறக்கி வைத்த வருஷம்தான் இந்த வேலை வந்தது. மதாமின் வீட்டுக்காரரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சிப்பாய், எங்கள் ஊரில் சொல்தா என்போம். எனக்கு முன்னால் இருந்த சமையல்காரம்மா எதிர்த்துப் பேசினார் என்று நிறுத்திவிட்டார்களாம். நான் வாயே திறக்காதவள் என்று தெரிந்துதான் முசே கூப்பிட்டார்.

சமையல் வேலைக்குப் புதிதாகப் போகிற பெண்கள் படிக்கட்டும், எதையாவது எழுதிக் கொடு என்று எங்கள் மகளிர் குழுவில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு இன்றைக்கும் வராது. எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன். அதனால் அந்தச் சூப்பைப் பற்றியே எழுதுகிறேன்.

2. அந்தச் சட்டி

பிரான்சில் இருக்கிற மதாமின் மகள் புதிதாக ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே கனமான கறுப்புப் பீங்கான் சட்டி, வெளியே தகரக் கூடு, மேலே கண்ணாடி மூடி. முன்பக்கம் ஒரு திருகு. லோ, ஹை, வார்ம் என்று மூன்று இடம். பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன லைட். காலையில் பத்து மணிக்குப் போட்டு லோவில் வைத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு சூப். நடுவில் கிளறக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும் என்று மதாம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அடுப்பில் எரிகிற நெருப்பைப் பார்த்தே சமைத்தவளுக்கு இது பெரிய தண்டனை. கொதிக்கிற சத்தம் கிடையாது, ஆவி கிடையாது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஒரு சட்டியை நம்ப வேண்டும்.

அந்த வீட்டில் பிரஷர் குக்கர் கிடையாது. எப்போதோ ஒரு முறை பருப்பு சீறிக்கொண்டு போய்க் கூரையில் அடித்ததிலிருந்து மதாமுக்கு விசில் சத்தம் ஆகாது. கேஸில் வேகவைத்துப் போடலாம் என்றால் முசே விடமாட்டார். கேஸ் மிச்சமாகும் என்றுதான் மகள் இந்தச் சட்டியையே கொடுத்தது.

காயும் அப்படித்தான். பெரிய மார்க்கெட்டில் கடைசியில் கூறு கட்டிப் போடுவார்கள். முள்ளங்கி, சௌசௌ, முட்டைக்கோஸின் வெளி இலை, காலிஃபிளவர் தண்டு. அதைத்தான் வாங்க வேண்டும். நல்ல காயைச் சூப்பில் போடுவது வீண் என்பார் முசே. அதில் தப்பில்லை. மெதுவாக வேகிற சட்டிக்கு முற்றின காய்தான் தாங்கும். இளசெல்லாம் கரைந்துபோகும்.

3. என்மேல் குற்றம்

ரெண்டாம் நாள் மொச்சை போட்டேன். வேகவில்லை. மூன்றாம் நாள் கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போட்டேன். பல் இருக்கிற எனக்கே கடினமாக இருந்தது. முள்ளங்கிகூட நடுவில் நறுக் நறுக் என்றது. மதாம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். தக்காளியை முதலில் போட்டால் புளிப்புக்குப் பயறு வேகாது என்று கடைசியில் போட்டேன். உப்பையும் கடைசிக்குத் தள்ளினேன். பயறு பழசோ என்று கடையை மாற்றினேன். துளி சோடா உப்புகூடப் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது ஆரஞ்சு லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். சட்டியும் சுடும். உள்ளே பயறு மட்டும் அப்படியே கிடக்கும்.

"மூடியத் தொறந்தியா?" என்று தினமும் கேட்பார் மதாம்.

"இல்லீங்க மதாம்."

"தொறக்காம எப்படி இப்படி ஆவும்? உன் கையில இன்னும் உப்புக் காத்து இருக்கு, காசாம்பு. கூடை தூக்கின கைக்குக் கூழு காய்ச்சத்தான் வரும்."

வலியில் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய ரவிக்கை தோளில் தொளதொள என்று ஆகியிருந்தது. வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றி விட்டுக்கொள்வார், அது மறுபடி மணிக்கட்டுக்கு இறங்கிவிடும்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காராமணி சூப்பு ஒண்ணு ஒழுங்கா வரணும். வரலன்னா நீயும் கஷ்டப்பட வேணாம், நானும் கஷ்டப்பட வேணாம். வேற ஆளப் பாத்துக்கறோம்."

சரிங்க மதாம் என்றேன். கூடையைத் திரும்பத் தூக்க முட்டி இடம் கொடுக்காது. மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு இடம் கொடுக்காது.

4. மதியத் தூக்கம்

புதுச்சேரியில் மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிற பழக்கம் உண்டு. அந்த வீட்டில் அது இன்னும் கறார். ஒரு மணிக்குச் சாப்பாடு, ஒன்றரைக்குக் கதவடைப்பு, நாலு மணி வரை யாரும் அசையக் கூடாது. அந்த நேரத்தில் சமையல்கட்டிலேயே படுத்துக்கொள் என்று மதாம் என்னிடம் முதல் நாளே சொன்னார். எனக்குத்தான் கூச்சம். அடுத்தவர் வீட்டில் அவர்கள் தூங்கும்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பது? பஸ் பிடித்து ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. அதனால் வெயிலோடு வெயிலாக மார்க்கெட்டுக்கு நடந்து, என்னோடு மீன் விற்ற அஞ்சலை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். நாலரைக்குத் திரும்பி வருவேன்.

அஞ்சலைக்கு என் கதை ஒரே சிரிப்பு.

"பானைக்கு ஒயரு வச்சிக் கட்டினா இப்படித்தான்டி ஆவும். அதுக்கு நெருப்பு இன்னான்னே தெரியாது, பாவம்."

வெள்ளிக்கிழமை மதாமுக்கு ஈறு வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. கூப்பிட்டால் ஆள் வேண்டும், இன்றைக்கு வெளியே போகாதே என்றார் முசே. மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எதிரே மேடையில் சட்டி. ஆரஞ்சு லைட் எரிகிறது.

ஒன்றரை மணிக்கு நடையில் செருப்புச் சத்தம். டக் என்று ஒரு ஒலி. லைட் அணைந்தது. தலைக்கு மேல் ஃபேன் மெல்ல நின்றது.

கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மதாம் படுத்திருந்த அறையில் ஃபேன் கடகட என்று ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து எட்டிப் பார்த்தேன். நடையில் ரெண்டு மெயின் பெட்டி உண்டு. ஒன்று முன்கட்டுக்கு, ஒன்று சமையல்கட்டு இருக்கிற பின்கட்டுக்கு. முசே பின்கட்டு மெயினை ஆஃப் செய்துவிட்டு, பெட்டிக் கதவைச் சாத்தி, ஜன்னல் கொக்கியையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

நான் சட்டியில் கை வைத்தபடியே இருந்தேன். மூன்று மணிக்கெல்லாம் வெதுவெது என்று ஆகிவிட்டது. நாலு மணிக்கு மறுபடி டக். லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. நாலரைக்கு வருகிற எனக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்திருக்கிறது.

வருஷக்கணக்காக அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாராம். ஒரு மதியம் எல்லோரும் தூங்கும்போது பின்கட்டில் அயர்ன் பாக்ஸ் மறந்துபோய் மேஜை எரிந்திருக்கிறது. அன்றிலிருந்து விழித்திருக்க ஆள் இல்லாத நேரத்தில் பின்கட்டில் கரண்ட் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே இருந்தும் கைப்பழக்கத்தில் அணைத்துவிட்டார். மாத்திரை போட்டுத் தூங்குகிற மதாமுக்கு அறையில் ஃபேன் ஓடுகிறது, அவருக்கு இது தோன்றவே இல்லை. முசே சமையல்கட்டுக்குள் வருகிறவர் இல்லை, அவருக்கும் தோன்றவில்லை.

5. சனிக்கிழமை

காரணம் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதுதான் என்னால் முடியவில்லை.

காப்பி கொடுக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். முசே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போடும்போது சொல்லலாம் என்றால் மதாம் எதிரே இருந்தார். பெண்சாதிக்கு முன்னால் உங்களால்தான் என்று எப்படிச் சொல்வது? எதிர்த்துப் பேசின அம்மாவை அனுப்பிய வீடு. ஒன்றரை மணிக்கு டக் சத்தம் கேட்டுவிட்டு, வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன்.

அஞ்சலை காறித் துப்பாத குறை. "வாயத் தொறந்து சொல்லேன்டி. முப்பது வருசம் மீனு வித்தவதானே நீ?"

விற்றேன்தான். ஆனால் நான் கூவினதே கிடையாது. தெருவில் எனக்கும் சேர்த்து அவள்தான் கூவுவாள். அதை அவளே சொல்லிக் காட்டினாள்.

"அங்க வந்து நானா கூவ முடியும்? அந்தம்மா தண்ணி குடிச்சே செத்துடும்டி."

அந்த ஒரு பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது.

6. ஞாயிற்றுக்கிழமை

முதல் நாளே ஊறவைத்த காராமணியைக் காலையில் வடித்துப் போட்டேன். கூறு பூசணி, முட்டைக்கோஸ் இலை, நிறைய பூண்டு, ஒரு பிரியாணி இலை, நாலு மிளகு. பத்து மணிக்கு லைட் எரிந்தது. ஒன்றரை மணிக்கு முசே நடைக்கு வந்தபோது நான் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கையைத் தூக்கினார். என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னா?"

யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "சட்டி ஆறிடுதுங்க முசே" என்றேன்.

"எந்தச் சட்டி?"

"சூப்புச் சட்டி. நீங்க இத அணைச்சா அதுவும் அணைஞ்சிடுது. நாலு மணிக்குத்தான் திரும்பச் சுடுது."

கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"எத்தினி நாளா?"

"நான் வந்த நாள்லேருந்துங்க."

திரும்பிப் போனார். கூடத்தில் இருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சமையல்கட்டில் சட்டிக்கு எதிரே போட்டு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். விழித்திருக்க ஆள் இல்லாமல் கரண்ட் கூடாது என்பது அவர் சட்டம். சட்டத்தை மீறாமல் அவரே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. படியில் உட்கார்ந்தேன். நாலு மணி வரைக்கும் ரெண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கு மேல் பூண்டும் பூசணியும் சேர்ந்து ஒரு வாசனை வர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அந்த வாசனை அந்த வீட்டில் வந்தது அதுதான் முதல் தடவை. முசே ஒரு முறை மூக்கை உறிஞ்சினார். மூடியை மட்டும் தொடவில்லை.

ஆறு மணிக்கு உப்பும் தக்காளியும் சேர்த்து, மத்தால் ரெண்டு கடை கடைந்து, கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோனேன். மதாம் முதல் வாயை நாக்கால் அழுத்திப் பார்த்தார். விரல் வாய்க்குப் போகவில்லை. ரெண்டாவது வாய். மூன்றாவது.

"இன்னிக்கு இன்னா செஞ்ச?" என்று என்னைக் கேட்டார்.

"அவ தினம் செஞ்சதத்தான் செஞ்சா" என்றார் முசே. "நான்தான் பன்னெண்டு நாளா மெயின ஆஃப் பண்ணி உன்ன பட்டினி போட்டேன்."

மதாம் கரண்டியை வைத்துவிட்டுப் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. முசே தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தால் எனக்குப் புரியாததே நல்லது என்று தோன்றியது. அப்புறம் மதாம் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

7. பல்செட்

மறுநாள் மதியம் நான் கிளம்பும்போது முசே நாற்காலியைக் காட்டினார். இனிமேல் அது உன் டூட்டி என்றார். மீன்காரி நாற்காலியில் உட்கார்வதா என்று முதல் வாரம் அதன் நுனியில்தான் உட்கார்ந்தேன். அப்புறம் பழகிவிட்டது. எத்தனையோ மதியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறேன். ரெண்டு பேரும் தூங்குகிற மூச்சுச் சத்தம், ஃபேன் சத்தம், எதிரே அந்தச் சின்ன லைட். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். முசே இறந்த பிறகு மதாமை மகள் அழைத்துக்கொண்டு போய்விட்டார். நாலு மணி ஆனால் எனக்கு இன்னும் அந்த வாசனை வருவதுபோல இருக்கும்.

பல்செட் வந்த அன்றைக்கு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மதாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் போட்டார். "சூப்புக்கு எதுக்கு இது?" என்றார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பயறை முதல் நாளே ஊறவையுங்கள். ராஜ்மா என்றால் முதலில் அடுப்பில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுத்தான் ஸ்லோ குக்கரில் போட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைக் கெடுக்கும். புளிப்பைக் கடைசியில் சேருங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அந்த முதல் நாள் மதியம் நான் உட்கார்ந்திருந்தால் ரெண்டாம் நாளே பயறு வெந்திருக்கும். கூச்சம் என் குணம், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். பன்னிரண்டு நாள் அதற்காக ஒரு அம்மா பசியோடு படுத்திருக்கிறார்.