பொன்னாடைக்குப் பதிலாக ஒரு பிரஷர் பட்டை

போன வாரம் ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் எட்டுப் பக்க உரை. எதிரே நிறைந்த கூட்டம். ஆனால் அதில் ஒரு வரி கூடப் பேசவில்லை... ஏன்? சொல்கிறேன். இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

தென்காசிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு படிக்க ஆசைப்பட்டவர்கள் - வயசு, மார்க் எதுவும் பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு வருஷ டிப்ளமோ. நர்சிங் அசிஸ்டன்ட், தையல், ஏசி மெக்கானிக், கேட்டரிங் என்று பாடங்கள். சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். பெருமையாக இருந்ததா? இருந்தது!

பெருமையோடு ஒரு வாரமாகத் தலைச்சுற்றலும் இருந்தது. பிடரி வலி வேறு. இதற்கெல்லாம் எங்கள் ஊரில் டாக்டரிடமா போவோம்?

"பித்தம் ஏறியிருக்கு. ஐந்தருவில போய்த் தலைய நீட்டிட்டு வாங்க, தெளிஞ்சிரும்" என்றாள் என் மனைவி.

தலை சுற்றினாலும் அருவி, தூக்கம் வராவிட்டாலும் அருவி. சீசனும் களைகட்டியிருந்தது. விழா முடிந்ததும் நேரே ஐந்தருவிதான் என்று துண்டும் மாற்று வேட்டியும் ஸ்கூட்டர் டிக்கியில் தயாராக இருந்தன.

மேடையில் என் பெயரைச் சொன்னதும் எழுந்து, பொன்னாடைக்காகத் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன். பழக்கதோஷம்! பொன்னாடை வரவில்லை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு அம்மாள் வந்தார்.

"இங்கன பொன்னாடை கிடையாது சார். உக்காந்து கைய நீட்டுங்க" என்று சிரித்தார் பிரின்சிபால் மேடம்.

காரணமும் சொன்னார். கல்லூரி ஆரம்பித்த வருஷம், நர்சிங் படித்தவர்களைப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரியும் உள்ளே விடவில்லையாம். 'எட்டாங்கிளாஸ் படிச்சவங்க கையில நோயாளியக் குடுக்கவா?' என்று கேட்டார்களாம். அன்றைய பிரின்சிபால் ஒரு விதி போட்டார் - கல்லூரி வாசலை மிதிக்கிற யாரும் பிரஷர் பார்க்காமல் திரும்பக் கூடாது. தபால்காரர், சிலிண்டர் போட வந்தவர், ஆய்வுக்கு வந்த அதிகாரி... ஒருவரையும் விடவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்தே கை தேறினார்கள். இப்போது ஆஸ்பத்திரிகளே கூப்பிட்டு வேலை தருகின்றன. விதி மட்டும் மாறவில்லை. விழா விருந்தினரின் கைதான் மாணவர் ஒருவருக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு.

கல்லூரி வரலாறு என்று நான் அரும்பாடுபட்டு எழுதிய எட்டுப் பக்க உரையில் இது ஒரு வரி கூட இல்லை!

அந்த அம்மாள் பெயர் மாரியம்மாள். சுரண்டைக்காரர், வயது நாற்பத்து மூன்று. சீசனில் ஐந்தருவியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர். நானே வாங்கித் தின்றிருக்கிறேன். "பாத்தும்மா, பழத்த அமுக்கிப் பாக்குற மாதிரி அமுக்கிராத" என்று மைக்கில் ஒரு ஜோக் அடித்தேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார், இறக்கினார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. அப்புறம் அடுத்த கையிலும். பிறகு நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

மேலே இருநூறு. கீழே நூற்று இருபது.

எனக்கா? எனக்கா இருநூறு? "மெஷின் பழசு போல" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"காலைலதான் சரிபாத்தோம் சார்" என்றார்.

பக்கத்தில் இருந்த நிர்வாகக் குழுப் பெரியவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "விழாவுக்கு வந்த விருந்தாளிம்மா. நூத்தி நாப்பதுன்னு எழுதி முடி."

நானும் - வெட்கத்தோடு சொல்கிறேன் - "ஆமாம்மா, எழுதிரு. லேசாத் தலை சுத்துது, அவ்வளவுதான். சாயங்காலம் அருவில நின்னாச் சரியாயிரும்" என்றேன்.

மாரியம்மாள் பேனாவை மூடினார். "எனக்குக் கேட்டதத்தான் எழுதியிருக்கேன். மாத்த மாட்டேன். சர்டிபிகேட் தராட்டாலும் சரி." பிறகு என் பக்கம் திரும்பினார். 'சார்' போய்விட்டது. "அண்ணாச்சி, நான் வருஷா வருஷம் அங்கன கடை போடுதேன். தலை சுத்துதுன்னு அருவிக்குள்ள போனவுகளப் பாத்திருக்கேன். எல்லாரும் நடந்து வெளிய வரல."

பிரின்சிபால் மேடம் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆட்டோ கூப்பிடுங்க" என்றார். என் முன்னால் கேட்டரிங் மாணவிகள் வைத்திருந்த உளுந்தவடைத் தட்டை மாரியம்மாள் எடுத்துத் தள்ளி வைத்தார். அந்த நேரத்திலும் அது வலித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே எண்கள். "இத வச்சுக்கிட்டா அருவிக்குப் போகப் பாத்தீங்க?" என்று கேட்டார். ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டார்.

படுத்தபடி யோசித்தேன். எத்தனை வாரம் இதே பத்தியில் நேர்மை பற்றி உங்களுக்கு வகுப்பு எடுத்திருப்பேன்? மேடையில் ஒரு நிமிடச் சங்கடம் - அதைத் தவிர்க்க, பொய்க்கணக்கு எழுதச் சொல்லிவிட்டேனே! அதுவும் என் உயிருக்கு! சோதனை செய்துகொள்ள நாம் எல்லாரும் தயார். முடிவு மட்டும் நமக்கு மரியாதை கொடுத்து வர வேண்டும்.

மறுநாள் பிரின்சிபால் மேடமும் மாரியம்மாளும் சான்றிதழோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். விருந்தினர் பாதியில் கிளம்பியதால் சான்றிதழ் கொடுக்கவில்லையாம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சான்றிதழை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினேன்.

மாரியம்மாள் அதை வாங்கவில்லை. பைக்குள்ளிருந்து பட்டையை எடுத்தார்.

"அத அங்கன வைங்க அண்ணாச்சி. முதல்ல கைய நீட்டுங்க."