சிலைக்கு வந்த வயது

அருங்காட்சியகத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'எந்த இடம் அக்கா' என்று பட்டப்பெயர். சோதனை முடிவு எதுவானாலும், பொருளின் எந்த இடத்திலிருந்து துகள் எடுத்தீர்கள் என்று கேட்காமல் கணினியில் ஏற்றமாட்டாள். அவள் வடிவமைத்த தரவு அமைப்பில் முடிவு துகளோடும், துகள் எடுத்த இடத்தோடும், இடம் பொருளோடும் பிணைந்திருக்கும்.

ஒரு மரச்சிலையின் பீடத்துக்கு ஆயிரம் வயது என்று முடிவு வந்தது. இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அறிவைவிடப் பதவி பெரிதாக வாய்த்த மனிதர்.

"சிலைக்கே ஆயிரம் வயசுன்னு போடும்மா."

"அது பீடத்துக்கு மட்டும்தான் சார். சிலை வேற மரம், அதை இன்னும் சோதிக்கலை."

"விழாவுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அந்த இடம் கிடம் எல்லாத்தையும் தூக்கிடு."

"பொய்யை என் கையால ஏத்தமாட்டேன் சார்."

மறுநாளே அவளை நுழைவுச்சீட்டு விற்கும் கூண்டுக்கு மாற்றினார்கள். உண்மை பேசுகிறவர்களுக்கென்று நம் அலுவலகங்கள் எப்போதும் ஒரு கூண்டைத் தயாராக வைத்திருக்கின்றன. இயக்குநர் துகள் எடுத்த இடங்களைக் கணினியிலிருந்து நீக்கி, எல்லா முடிவுகளையும் நேராகச் சிலையோடு இணைக்கச் செய்தார்.

விழாவில் திரை ஒளிர்ந்தது. 'வயது: ஆயிரம் ஆண்டு. செய்பொருள்: பிளாஸ்டிக் பசை.' போன வருடம் ஒடிந்த விரலை ஒட்டிய பசையின் சோதனை முடிவும் முழுச் சிலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

வியர்வை வழிய இயக்குநர் கூண்டுக்கு ஓடிவந்தார். "ஏம்மா, பழையபடி மாத்திடேன்."

"மாத்தறேன் சார். ஆனா சிலைக்கு வயசு தெரியாதுன்னுதான் வரும்."

"வரட்டும்மா, வரட்டும்!"

அவள் சொன்ன உண்மை போதாத மனிதருக்கு, கூட்டத்தின் சிரிப்பு போதுமாயிருந்தது.