மஞ்சள் தண்ணீர் பட்ட ஹார்ட் டிஸ்க்

கனமாக இருந்தால் நன்றாக உழைக்கும் என்று நம்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அம்மிக்கல்லுக்கு அது சரி. கம்ப்யூட்டர் சாமானுக்குச் சரியில்லை என்று தெரிந்துகொள்வதற்குள் நாற்பது வயது ஆகிவிட்டது.

தொண்ணூறுகளில் மலாக்கா டவுனில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, டைப் அடிக்கும் கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் கடையைத் தாங்கியது செத்தவர்கள்தான். நம் ஆட்கள் உயிரோடு இருக்கிறவரைப் படம் பிடிக்க மாட்டார்கள். போன பிறகு வருடா வருடம் தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுவார்கள். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, கறை துடைத்து, கீழே நாலு வரி சேர்த்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை குடும்பத்தைத்தான் மீளாத் துயரில் ஆழ்த்துவது? எனக்கே சலித்துப் போயிருந்தது.

அப்படித்தான் அந்த அக்கா வந்தார், செர்காம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்றுப் போனதும் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடித்த கையோடு வந்திருந்தார். கையில் புருஷனுடைய ஐசி, அடையாள அட்டை.

“இத ஆபீஸ்ல ஒப்படைக்கணுமாம் தங்கச்சி. திருப்பித் தர மாட்டாங்களாம். அவரு படம்னு இது ஒண்ணுதான் இருக்கு. கல்யாணத்துக்கே படம் புடிக்கல லா, கோயில்ல தாலி கட்டுனதோட சரி.”

கட்டைவிரல் நகம் அளவுப் படம். கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டை, விடைத்த காதுகள். பெரிதாக்கி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அக்கா அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஐசியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். அந்த ஒரு பிரிண்ட்டை விட்டால், அன்றிலிருந்து அந்த மனிதர் முகம் இருந்தது என் கடையில்தான்.

முதலில் எல்லாவற்றையும் ஃபிளாப்பி டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன். மலாக்கா காற்றுக்கு எதுவும் தாங்காது. ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பாதி டிஸ்க்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். படிக்க முடிந்ததையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் காப்பாற்றிக்கொண்டு, வெளியே வைக்கிற ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனேன்.

கடைக்காரர் ஒரு சீனர். கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மெல்லியது. இன்னொன்று கனமான இரும்புப் பெட்டி, மேலே காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். நான் இரண்டையும் கையில் தூக்கி, தேங்காய் பார்ப்பதுபோல எடை பார்த்தேன். கனமானதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் சொன்னார்: “கனம் பெட்டிக்குத்தான், அக்கா. உள்ளே இருப்பது ஒன்றேதான். சின்னதாக இரண்டு வாங்கு. ஒன்று கடையில், ஒன்று வீட்டில்.”

வியாபாரம் செய்கிறவர் இரண்டு வாங்கத்தானே சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி. கனமானது ஒன்றை வாங்கி, எல்லாப் படத்தையும் அதில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. அதனால் அதிலிருந்ததை அழித்தேன், ஃபிளாப்பிகளைக் குப்பையில் போட்டேன். அதற்குப் பெயர் பேக்கப் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருட நினைவஞ்சலிக்கு வந்தபோது அக்கா சந்தோஷமாக இருந்தார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். “வீட்டுல மாட்டுன படம் வெளுத்துப் போச்சு தங்கச்சி, மூக்கே தெரியல. பொண்ணு அப்பா படத்துல விழுந்து கும்புட்டுட்டுத்தான் மண்டபத்துக்குக் கெளம்புவேங்குது. பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. கல்யாணத்துக்குக் கிட்டத்துல வந்து வாங்கிக்கறேன். பத்திரமா இருக்கும்ல?”

“நம்ம கடையில இருக்கறது பேங்க்ல இருக்கற மாதிரிக்கா” என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தது ஆயுத பூசை. நான் தோட்டத்தில் பிறந்தவள். சோறு போடுகிற சாமான் ஒன்றைக்கூட அன்றைக்கு விடக் கூடாது என்று பழகிய கை இது. அங்கே உளியும் பால்வாளியும் சைக்கிளும் வரிசையில் நிற்கும். இங்கே கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர், நடுவில் அந்த ஹார்ட் டிஸ்க். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். மாவிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கி எல்லாவற்றின் மேலும் தெளித்தேன். ரொம்ப முக்கியமான சாமான் என்று ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் இரண்டு தடவை.

மறுநாள் பூசையைக் கலைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். சட்டென்று ஒரு சத்தம். பிறகு கருகின நாற்றம்.

கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் பட்டதா என்று கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். சத்தியமாகப் பொய் இல்லை. மஞ்சள் தண்ணீரை நான் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர் பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் உள்ளே காட்டினார். பச்சைப் பலகை முழுக்க மஞ்சள் கறை, ஓரத்தில் குங்குமம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேறு பலகை மாற்றிப் பார்த்தார், இரண்டு வாரம் வைத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

தீபாவளி கழிந்து அக்கா வந்தார். உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

“சாமிக்குன்னு செஞ்சீங்க. ஒங்கள என்னான்னு திட்டறது?” என்றார். பிறகு மணிபர்ஸைத் திறந்து, நாலாக மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்தார். அந்த வருட நினைவஞ்சலி. மடிப்பு சரியாக இடது கண் மேல் விழுந்து, அந்த இடத்தில் மை உதிர்ந்திருந்தது.

ஸ்கேன் செய்தேன். பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. முடிந்த மட்டும் சேர்த்தேன். இல்லாத இடது கண்ணுக்கு, வலது கண்ணையே திருப்பி ஒட்டினேன். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். பார்க்க லட்சணமாகத்தான் வந்திருந்தது.

அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“அவருக்கு எடது கண்ணு கொஞ்சம் சின்னது, தங்கச்சி.”

சின்னதாக்கினேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். “ஓரத்துல லேசா எறங்கி இருக்கும்.” இறக்கினேன். “போதும், போதும்.” அப்போதுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிரிண்ட் காய்ந்ததும் சுருட்டிக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. “இத ஒரு டிஸ்க்குல போட்டு எனக்கும் ஒண்ணு குடுங்க” என்றார்.

“ஒங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்லையேக்கா?”

“இல்லதான்” என்றார். “ஆனா எங்க வீட்டுல அது மேல யாரும் தண்ணி தெளிக்க மாட்டாங்க.”