ஆம்பூர் பஸ்ஸில் போன வெடிப்பு ஜாடி

ஜட்கா குதிரைவண்டி போய் மோட்டார் பஸ் வந்த புதுசு இல்லியா, இன்னைக்கும் ஒரே நெரிசல். ஆம்பூர் பாத்திரக் கடைக்காரர்கிட்ட காட்ட நான் வனைஞ்ச ஒரு ஜாடியை மடியில வெச்சுக்கிட்டு வேலூர்ல ஏறினேன்.

சக்கரத்துல வனைஞ்சு, ஈரத்திலேயே வெளிப்பக்கம் கீறல் போட்டு, வைக்கோல் தீயில மேல்பக்கம் மட்டும் காயவெச்சு, உள்ளே கைவிட்டு மெதுவா தள்ளினா கீறலெல்லாம் வெடிப்பு விடும். ஆறு ஜாடி பிளந்துபோய், ஏழாவதுதான் சூளையில சுட்டும் உடையாம நின்னுது.

பக்கத்துல உட்கார்ந்திருந்த வயசான அம்மா கேட்டாங்க: "இன்னாப்பா, சூளையில வெடிச்சுப்போச்சா?"

"இல்லம்மா, நானா வெடிக்கவெச்சது."

சிரிச்சாங்க. "கொஞ்சம் குடு"ன்னு வாங்கித் தடவினாங்க. பள்ளிகொண்டா தாண்டியும் தடவிக்கிட்டே சொன்னாங்க.

"எங்க வூட்டுக்காரர் கை இப்படியேதான் வெடிச்சுக் கிடக்கும். தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி வேலை. முதுகு அரிச்சா புள்ளைங்க அவர்கிட்டதான் ஓடும். சொறியவே வேணாம், சும்மா தடவினா போதும். அவர் போய் பத்து வருஷமாச்சு."

ஜாடியைக் கன்னத்துல வெச்சுக்கிட்டாங்க.

ஆம்பூர் வந்துடுச்சு. அவங்க வாணியம்பாடி போகணும். ஜாடியை நீட்டினாங்க. எனக்கு வாங்கக் கை வரல.

"நீங்களே வெச்சுக்கோங்கம்மா"ன்னு இறங்கிட்டேன்.

கடைக்காரர் முன்னாடி வெறுங்கையோட நின்னு இதையெல்லாம் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியல.

அது கிடக்கட்டும். சின்ன வயசுல முதுகு அரிச்சா நீங்க யார்கிட்ட ஓடுவீங்க?