கறுப்புப் பட்டிக்கு ஒரு நாள் லீவு

உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். ஊரெல்லாம் நடக்கப் போகும்போது நான் நாற்பத்தாறு வயதில் குண்டசாலைக்குக் கராத்தே பழகப் போனேன். அங்கே வரிசையில் நிற்பது வயதுப்படி இல்லை, இடுப்புப் பட்டியின் நிறப்படி. வெள்ளைப் பட்டியோடு நான் சின்னப் பிள்ளைகளுக்கும் பின்னால். முன்வரிசையில் பழுப்புப் பட்டியோடு நின்றவள், கண்டியில் எங்கள் காரியாலயத்தில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரும் உதவியாளர். நான் அங்கே பிரதம லிகிதர், எழுதுவினைஞர்களுக்கெல்லாம் தலைமை.

வாரநாளில் அவள் என்னை 'மிஸ்' என்பாள். சனிக்கிழமை வகுப்பில் நான் அவளுக்குக் குனிந்து வணங்க வேண்டும். அவளோ எல்லாருக்கும் முன்னால், "அக்கா, இடுப்பு இன்னும் கீழ போகணும், முழங்கால மடிங்க" என்பாள். அக்காவாம்! யாருக்கு யார் அக்கா? திங்கட்கிழமை அவள் தேத்தண்ணி வைக்கும்போது எந்த முகத்தைக் காட்டுவதென்று தெரியாமல் ஃபைலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு பட்டிச் சோதனை வந்தது. கொழும்பிலிருந்து பரீட்சகர் வருவது புதன்கிழமை. எங்களுக்கோ அன்று பொதுமக்கள் தினம், காலையிலேயே சனம் நிரம்பிவிடும்.

"ரெண்டு பேரும் போக ஏலாது. ஒராள் இருக்கணும். நீங்களே பாத்து முடிவெடுங்க" என்று அதிகாரி என்னிடம் விட்டுவிட்டார்.

அவளுக்கு அது கறுப்புப் பட்டிக்கான சோதனை, வருடத்தில் ஒரு முறைதான். எனக்கு மஞ்சள். அதை எங்கள் மாஸ்டரே எந்த மாதமும் பார்த்துத் தருவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன்.

"ரெண்டு வருஷமா இதுக்குத்தான் பழகுறேன், மிஸ்" என்று லீவுப் படிவத்தை மேசையில் வைத்தாள்.

'சிபாரிசு செய்யப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிரதம லிகிதராக எழுதினேனா, இடுப்பு தாழாத வெள்ளைப் பட்டிக்காரியாக எழுதினேனா? சத்தியமாக இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவள் வாசித்தாள். "சரி மிஸ்" என்று போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

புதன்கிழமை நானே சோதனைக்குப் போய்த் தப்பும் தவறுமாகத்தான் செய்தேன். ஆனாலும் மஞ்சள் தந்துவிட்டார்கள். எதற்குத் தந்தார்கள் என்பதும் புரியவில்லை.

சனிக்கிழமை வரிசையில் நின்றபோது என் புதுப் பட்டியின் ஒரு முனை முழங்கால்வரை தொங்கியது. பின்வரிசையின் முடிச்சுகளைச் சரிபார்ப்பது முன்வரிசைக்காரர் வேலை. அதே பழுப்புப் பட்டியோடு அவள் வந்து என் முன்னால் முழங்காலில் நின்றாள். முடிச்சை அவிழ்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அளவு பார்த்து இறுக்கினாள். 'இடுப்பு கீழ போகணும், அக்கா' என்று ஒரு தடவை சொல்லமாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எழுந்து, "இப்ப சரி, மிஸ்" என்றாள்.

அந்த இடத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.