மரியநாயகியும் ஒரு கசெற்றும்

குருநகரில் மீன் விற்ற மரியநாயகி, செவுளைக் கிளப்பிப் பார்க்காமல் ஒரு மீனையும் ஏலத்தில் எடுத்தவளல்ல. மனிதரையும் அப்படித்தான் பார்த்தாள். தனக்குப் பேசிய மாப்பிள்ளை கிற்றார் அடிக்கிறவன் என்று தரகர் சொன்னபோது, "கடலுக்கும் போவானோ?" என்று கேட்டுத்தான் தலையாட்டினாள். அடைக்கலநாதன் இரண்டும் செய்தான். மற்ற நாளெல்லாம் வலை. பெருநாளென்றால் மேடையில் மின்சாரக் கிற்றார். எழுபத்தெட்டில் மூளைக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது.

அடுத்த வருடம், அவனோடு மேடையில் டிறம்ஸ் அடித்த சிமியோன் ஒரு கசெற்றோடு வந்தான். அட்டையில் அடைக்கலநாதனின் படம். கீழே, கோயில் பெருநாள் மேடையில் பதிந்தது என்றிருந்தது.

"ஆரடா படம் குடுத்தது?"

"நான்தான் மச்சாள். அண்ணையின்ரை கடைசி மேடை. பட்டணம் முழுக்க விக்குது."

பக்கத்து வீட்டில் போட்டுக் கேட்டாள். கிற்றார் அலறியது, சனம் விசிலடித்தது. ஆனால் அவள் அன்று முன்வரிசையில் இருந்தவள். எட்டு மணிக்கு ஆத்துமாக்களின் மணி அடித்தால் அந்தப் பகுதியில் சீட்டாடுகிறவன்கூடச் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் செத்தவர்களுக்காகச் செபிப்பான். அன்றும் இரண்டாம் பாட்டின் நடுவில் மணி அடித்தது, கிற்றார் நின்றது. கசெற்றிலோ பாட்டு மூச்சுவிடாமல் ஓடியது.

"உது அவனில்லை. ஆரையோ வைச்சு அடிச்சுப்போட்டு அவன்ரை முகத்தை ஒட்டியிருக்கிறியள்."

"கர்த்தர் அறிய அண்ணைதான்!"

"கர்த்தரை இழுக்காதை. உதைப் போட்ட கடைக்கு நட."

அடைக்கலநாதன் பாடினவனல்ல, வீட்டிலும் பேச்சுக் குறைவு. காதுக்கென்று அவன் விட்டுப்போனது அந்தக் கிற்றார் மட்டும்தான். அதுவும் கள்ளமென்றால் அவளுக்கு ஒன்றுமில்லை.

பட்டணத்தில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்த செல்வரட்ணம் நெற்றியில் திருநீற்றோடு எழும்பினான். இரண்டாம் பாட்டில் அடித்த மணி எங்கே என்று கேட்டாள்.

"அக்கா, நடுவிலை ஒரு மணிச்சத்தம், பிறகு ஒண்டுமில்லை. கரண்ட் நிண்டிட்டுதாக்கும் எண்டு வெட்டி ஒட்டிப்போட்டன். சத்தமில்லாததை ஆர் வாங்குவான்?"

"வெட்டினது எங்கை?"

"எறிஞ்சிருப்பன்…"

"எறிஞ்சியோ, எறிஞ்சிருப்பியோ?"

அவன் பிஸ்கட் பேணி ஒன்றைக் கிளறி, ஒரு துண்டு நாடாவை எடுத்து மெசினில் கோத்தான். அவள் கண் அவன் விரலைவிட்டு விலகவில்லை.

மணி அடித்தது. சனம் அடங்கியது. செபத்தின் முணுமுணுப்பு தூரத்தில் கேட்டது. பிறகு மைக்குக்குக் கிட்ட ஒரு குரல்: "சிமியோன், கெதியா முடியடா. நாயகி கணவாய்க் கறி வைச்சிருப்பாள்."

சிமியோன் வாயைப் பொத்திக்கொண்டான். அன்று கணவாய் வைத்தது அவளுக்கு ஞாபகமிருந்தது.

"வீட்டிலை வாய் திறக்கமாட்டான்," என்றாள். "செபத்துக்குள்ளை கதைக்கிறான், பாவி."

செல்வரட்ணத்தின் பக்கம் திரும்பினாள். "உதைத் திருப்பிச் சேர். இல்லாட்டி அவன்ரை படத்தைக் கழட்டு," என்றாள்.

"கசெற்றிலை இடம் காணாதக்கா. ஒரு பாட்டை எடுக்க வேணும்."

"கடைசிப் பாட்டை எடு."

"அது என்ரை மச்சான் படிச்ச பாட்டு."

"தெரியும். கேட்டனான்."

ஸ்ரூலை இழுத்து, அவன் கை தெரிகிற பக்கமாக இருந்தாள். வெட்டி ஒட்டி முடியும்வரை எழும்பவில்லை. செல்வரட்ணம் போட்டுக் காட்டினான். இன்னொருக்காப் போடச் சொன்னாள், போட்டான்.

"சரிதானே அக்கா?"

"ஒட்டினது சரியில்லைப்போலை கிடக்கு," என்றாள் மரியநாயகி. "திருப்பிப் போடு, பாப்பம்."